அட்டையில் நாலு சொட்டு

"எண்ணெய் சொட்டுதுன்னா சொட்டுதுதான்டா! அட்டையைப் பாரு, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"கண்ணைப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணே. கண்ணாடியைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு..."

"கண்ணாடி எதுக்குடா, இவ்வளவு பெரிசா சொட்டியிருக்கே! அடி போல்ட்டையெல்லாம் ஒழுங்கா முறுக்கினியா?"

"முறுக்கினது நீங்க! கேஸ்கெட் பிதுங்குற அளவுக்கு முறுக்காதீங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்!"

அண்ணி மூன்று டம்ளர் டீயோடு ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே கணவருக்கும் கொழுந்தனுக்கும் நடுவில், மாமனாரின் பழைய கார் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

ஒன்பது வருஷமாக முகத்தில் முழிக்காத அண்ணன் தம்பி. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இந்தக் கார் பாதி வழியில் நின்றுபோனது; அவர் பிழைக்கவில்லை. "நேத்துதானேடா இதுல கை வச்சே?" என்று அண்ணன் ஊர் பார்க்கக் கேட்டார். மெக்கானிக் தம்பி அந்தக் கேள்வியோடு வெளியூர் போனவன்தான். காருக்கு உறை போட்டார்கள்; பேச்சுக்கும் சேர்த்து.

போன மாதம் அவள்தான் போன் போட்டாள். "அந்த எஞ்சினைப் பிரிச்சுக் கட்ட உங்களை விட்டா ஆளில்லை தம்பி." வந்தான். மூன்று வாரம் பிரித்து, தேய்த்து, பூட்டினார்கள். கார் ஓடியது. அவன் ஊருக்குப் பையைக் கட்டிய காலையில் முதல் சொட்டு விழுந்தது. இன்றோடு ஐந்து நாள். காருக்கு அடியில் விரித்த அட்டையில் விடிந்தால் நாலு சொட்டு; நாலு சொட்டுக்கு நாற்பது பேச்சு.

"அன்னைக்கு நடுரோட்டுல நிறுத்தினே. இன்னைக்கு வீட்டுக்குள்ளயே ஒழுக விடுறே!"

சொன்ன பிறகுதான் அண்ணனுக்கே உறைத்தது.

தம்பி ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான். "சரிண்ணே. சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்புறேன். நல்ல ஆளா வச்சுப் பார்த்துக்கங்க."

அண்ணி டீயை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "என்னங்க, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவீங்களா? தம்பி, அவரைத் தெரியாதா உங்களுக்கு? இருங்க."

"போகத்தான் போறேன் அண்ணி. ஆனா என் வேலையில ஓட்டை இருக்கா இல்லையான்னு பார்த்துட்டுப் போறேன். முகத்துக்குப் போடுற பவுடர் இருக்கா?"

"எஞ்சினுக்கு அலங்காரமா?" என்றார் அண்ணன்.

"எங்கே கசிஞ்சாலும் பவுடர்ல கோடு விழும். அப்புறம் யாரும் யாரையும் கேட்க வேண்டாம்."

எஞ்சினைத் துணியால் துடைத்து, பவுடரைத் தட்டி, அரை மணி நேரம் ஓட விட்டான். அந்த அரை மணியில் அண்ணி முந்தானையைக் கயிறாகத் திரித்துவிட்டாள்.

நிறுத்தியதும் அண்ணன் டார்ச் லைட்டோடு குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வெள்ளை கலையவே இல்லை.

"எங்கேயும் ஈரமே இல்லையேடா..." அவர் குரல் இறங்கிப்போனது.

ஜெயித்துவிட்டான். ஆனால் தம்பி சிரிக்கவில்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினான். கம்பியைத் துணியில் துடைத்தான், கரியாய் அப்பியது. பிறகு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, காலையில் அட்டையில் விழுந்த சொட்டைத் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். வெகுநேரம் தேய்த்தான்.

தலை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அவள் டீ டம்ளர்களைப் பார்த்தாள்.

"என் தப்புதாண்ணே" என்றான்.

"என்னடா சொல்றே?"

"உள்ளே பின்பக்கம் எண்ணெயைத் தடுக்குற ஒரு சீல் இருக்கு. பவுடர் அங்கே எட்டாது. நான்தான் கொஞ்சம் கோணலா உட்கார வச்சுட்டேன் போல. தினமும் ஓட்டினா தானா படிஞ்சுரும். ரெண்டு வாரம் பிடிக்கும்."

'நான் சொன்னேன்ல!' என்று அவர் குதிக்கப்போகிறார் என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் குதிக்கவில்லை. பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"கை வேலைன்னா தப்பு வரத்தான்டா செய்யும். யார் கைக்கு வரலை?" டார்ச் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார். "அன்னைக்கும் நான் இதைத்தான் சொல்லியிருக்கணும்."

தம்பி மூக்கை உறிஞ்சினான். "டீ ஆறிப்போச்சுண்ணே."

"போனா போகட்டும். தினமும் ஓட்டணும்னியே, சட்டை மாத்திட்டு வர்றேன். நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்ந்து திட்டிக்கிட்டே வர்றேன்."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததும் தம்பி ஒரு காலி மருந்து பாட்டிலோடு காருக்கு அடியில் நுழைந்தான். எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலை நிரப்பி, மறுபடி முறுக்கினான். வெளியே வந்து பாட்டிலைத் துடைத்து, டம்ளர்களுக்கு நடுவில் வைத்தான். உள்ளே எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது.

"நாளையிலேர்ந்து அட்டையில இதை ஊத்துங்க அண்ணி. டப்பாவுல இருக்கிற புது எண்ணெய் தேன் மாதிரி மின்னுது. அண்ணன் கண்ணாடியைப் போட்டார்னா, நாம ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."