வலது தோளில் விழுந்த பல்லி

வாசல் கதவின் கீலுக்குப் பல்லியைப் பார்த்தால் எப்போதும் பிரமிப்புதான்.

"நீ 'ச்சு ச்சு'ன்னா வீடே நின்னு கேக்குது. நான் வாயைத் திறந்தா திட்டுதான் விழுது," என்றது கீல்.

"நம்ம வாக்கு அப்படி," என்றது மேலே சுவரில் ஒட்டியிருந்த பல்லி.

வீட்டுக்காரர் தாமோதரன், சொந்த அண்ணன்மேல் கேஸ் போடலாமா வேண்டாமா என்ற குழப்பத்தோடு வெளியே கிளம்பினார். கதவு கிறீச்சிட்டது. எரிச்சலில் ஸ்பிரே எண்ணெய் டப்பாவை எடுத்துக் கீலின் வாயில் புஸ்ஸென்று அடித்தார். பாதி சுவரில் தெறித்தது.

கீலுக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. பல்லிக்கோ, பிறந்ததிலிருந்து வழுக்காத கால் வழுக்கியது. நேராக அவருடைய வலது தோளில் வந்து விழுந்து, தாவி ஓடியது.

"வலது தோளா? வெற்றிங்க," என்று மனைவி வனஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பல்லியே தன் மகிமையை நினைத்து மலைத்துப்போனது. தாமோதரன் சுவரைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு, வக்கீல் வீட்டுக்குப் புறப்பட்டார்.

"ஐயா, அதை வழுக்கிவிட்டது உங்க எண்ணெய்தான்," என்று சொல்லக் கீல் வாயைத் திறந்தது.

கதவு சத்தமே இல்லாமல் திறந்து, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.