ஐந்து பொட்டலம்

எண்ணூறு மிளகுக் கன்றில் நானூறு பட்டுப்போனது.

பட்டதெல்லாம் நல்லசிவம் தன் கையால் உரம் வைத்தவை. வேலைக்காரி சுலைஹா பார்த்துக்கொண்ட நாலு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. அது அவருக்கு இன்னும் எரிச்சல்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்துப் போட்ட நாற்றங்கால். ஆலுவா விவசாயிகள் சங்கத்துக்கு இன்று நானூறு கன்று கொடுத்தாக வேண்டும். சங்கத்து ஆள் முகமது இஸ்மாயில் லாரியோடு வந்து நின்றாயிற்று.

"என்ன அண்ணாச்சி, பாதி கருகிக் கெடக்கு?"

"வாட்ட நோய் பாய். மிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஏத்திக்கிடுங்க."

"நோயா? நோய்க் கன்னைக் கொண்டுபோய் ஊர் பூரா நட்டா, எல்லாத் தோட்டமும்லா போகும்? எனக்கு ஒண்ணும் வேண்டாம். லாரியைத் திருப்பச் சொல்றேன்."

சங்கம் போனால் நாற்றங்கால் போச்சு. நாற்றங்கால் போனால் சொந்த ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க பாய். இருக்கிறதுக்கெல்லாம் ரெண்டு பங்கு உரம் வெச்சு விடுதேன். எந்த நோயையும் தாங்கும்."

மூலையில் கிடந்த உரச்சாக்கை இழுத்தார். சாக்குக்கு அடியில் ஐந்து பொட்டலம்.

பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அவர் மடித்த பொட்டலங்கள்தான். பத்து நாளில், ஒன்றுவிட்டு ஒரு நாள், 'உன் வரிசைக்கு வை' என்று சுலைஹா கையில் கொடுத்த உரம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மலையாளத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது.

"சுலைஹா! இங்க வா!"

குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது என்னது?"

"பிராட்வே கடைத்தெருவுல எவனுக்கு விக்கப் பதுக்கினே? மேல எழுதியிருக்கிறது எவன் பேரு? சொல்லு! பாருங்க பாய், சோறு போட்ட இடத்துலயே கை வெச்சிருக்கா."

"நான் எடுக்கலை மொதலாளி."

"எடுக்காம, பொட்டலம் நடந்து வந்து சாக்குக்கு அடியில படுத்துச்சோ?"

ஐந்தையும் ஒரே வாளியில் கொட்டப் போனார். பச்சை வரிசைக்கு முன்னால் சுலைஹா கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டா மொதலாளி. இன்னிக்கு வேண்டா. இன்னும் அஞ்சு நாளு."

"நகரு. நகர்ந்து அப்படியே வீட்டுக்குப் போ. நாளையிலருந்து வராதே."

அவள் நகரவில்லை. கண் கலங்கியது. கை இறங்கவில்லை.

கீழே விழுந்த ஒரு பொட்டலத்தை இஸ்மாயில் எடுத்தார். ஆலுவாவில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"பேரெல்லாம் இல்லை அண்ணாச்சி. 'பொடி போட்டுப் பதினஞ்சு நாளு கழிச்சு. பாதி அளவு. முதல் வரிசை'ன்னு இருக்கு. எந்தப் பொடி?"

கிருஷி பவன் என்று ஒரு அரசாங்க விவசாய ஆபீஸ் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே இனாமாகக் கொடுத்த கருப்புப் பொடி. செடிக்கு நல்லது செய்கிற பூஞ்சையும் நுண்ணுயிரும் அதில் இருக்கிறது என்றார்கள். எண்ணூறு கன்றுப் பைக்கும் பத்து நாளைக்கு முன் போட்டாயிற்று. அன்றைக்கு "உறையை வாசிக்கட்டா மொதலாளி?" என்று சுலைஹா கேட்டாள். "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?" என்று பிடுங்கி ஓலைக் கூரையில் செருகிவிட்டார்.

நல்லசிவம் அதை உருவிக் கொடுத்தார். யாரோ எடுத்து வாசித்துவிட்டுத் திரும்பச் செருகியது போல மடிப்பு மாறியிருந்தது. இஸ்மாயில் வாசித்தார்.

"இந்தப் பொடியில உள்ளதுக்கு உயிர் உண்டு. அது வேரோட ஒட்டிக்கிட பதினஞ்சு நாள் ஆகும். அதுக்கு முந்தி ரசாயன உரம் கூடாது. அப்புறமும் பாதி போதும்."

பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கினார். வேர் வெந்திருந்தது. பச்சைக் கன்று ஒன்றின் பையைக் கிழித்தார். வெள்ளை வேர் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது.

"நோயும் இல்லை, ஒண்ணும் இல்லை. உரம் சுட்டிருக்கு. அண்ணாச்சி, நீங்க இதை வாசிக்கலையா?"

நல்லசிவம் வாளியைக் கீழே வைத்தார்.

சுலைஹா முந்திக்கொண்டாள்.

"வாசிச்சாரு பாய். மொதலாளி வாசிச்சுச் சொல்லித்தான் நான் எடுத்து வெச்சேன். பாதிக்கு உரம் வெச்சும், பாதிக்கு வெக்காமலும் பாப்போம்னாரு. கன்னு போன வெசனத்துல மறந்து போச்சு, பாவம்."

"பரீட்சையா! அதைச் சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி!" இஸ்மாயில் முகம் மலர்ந்தது. "நானூறையும் ஏத்துங்க. வர்ற வருஷம் ரெண்டாயிரம் கன்னு உங்க கிட்டேதான். சங்கக் கூட்டத்துல இதை எல்லாருக்கும் சொல்லணும். கன்னைக் காப்பாத்தினவர், நல்லசிவம் அண்ணாச்சி, மட்டாஞ்சேரி. எழுதிக்கிடட்டா?"

பேனாவைத் திறந்தார்.

சுலைஹா குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனாள். வேலை உண்டா, இல்லையா என்று கேட்கக்கூட இல்லை.

நல்லசிவம் கையில் இருந்த பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் அந்த எழுத்து அவருக்கு ஒன்றுதான்.

"பேனாவை நிறுத்துங்க பாய்."

"என்ன?"

"இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். மலையாளத்துல ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது எனக்கு. உறையை வாசிச்சது அவதான். எனக்குத் தெரியாதுங்கிறதும் அவளுக்குத் தெரியும்."

இஸ்மாயில் அவரையே பார்த்தார்.

"அப்ப யார் பேரை எழுதட்டும்?"

"சுலைஹா."