மூடியில்லாத கூஜா

மீட்டர் கேஜ் பாதையை மூடிய அன்று, பிழைப்புக்காகக் கடைசி வண்டியில் புறப்பட்ட கணவனுக்கு வடிவு ஜன்னல் வழியாகக் கூஜாத் தண்ணீரைக் கொடுத்தாள். டம்ளருக்குப் பதில் மூடியில்தான் ஊற்றினாள். குடித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்து, மூடி அவனோடு போயிற்று. "அகலப் பாதை போட்டதும் முதல் வண்டியில வந்துடறேன்" என்று கத்தினான்.

ஸ்டேஷனின் ஓட்டுக் கூரையை இடித்தார்கள். நடைமேடையை உயர்த்தி, ஊர் எல்லைவரை நீட்டினார்கள். எல்லாம் முடிய ஒன்பது வருடங்கள் ஆயின. அதுவரை வடிவு கூஜாவை ஒரு கிண்ணத்தால் மூடி வைத்திருந்தாள். இன்று கிண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, அன்று அவன் ஏறிய பெட்டி நின்ற வேப்பமரத்தடியில் தண்ணீர்க் கூஜாவோடு வந்து நின்றாள். வாழைமரம் கட்டிய முதல் வண்டி அவளைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது.

"இது பழைய வண்டி இல்ல அண்ணி. அந்தக் கடைசிவரைக்கும் போய்ப் பாப்போம், வாங்க" என்றாள் நாத்தனார் பூங்கோதை.

"நான் இங்கதான் நிப்பேன்னு உங்க அண்ணனுக்குத் தெரியும்."

"ஏன் அண்ணி, இத்தன வருஷமா பஸ்ஸு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

மேளம் ஓய்ந்து வண்டி கிளம்பியது. கூஜாவுக்குள் தண்ணீர் நடுங்கியது.

"அண்ணி, அந்தக் கோடியில யாரோ தனியா நிக்கிறாங்க. கையில என்னமோ மினுங்குது."

வடிவு நிமிரவில்லை. நடுக்கம் அடங்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.