நான்கு நிமிடச் சத்தம்

றோசலின் பொத்தானில் விரலை வைத்தாள். இன்னும் அழுத்தவில்லை.

"தங்கச்சி, கதவைத் திறந்து விடட்டோ?" என்று காவலாளி மரியரட்ணம் வாசலில் நின்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. சாத்திவிடுங்கோ."

அவர் சாத்திவிட்டுப் போனார்.

அது அந்தப் பழைய வீட்டின் கடைசி அறை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் கடல் கடந்து சண்டைக்குப் போயிருந்தபோது, ரொறன்ரோவில் வீட்டில் இருந்தவர்கள் எப்படிச் சீவித்தார்கள் என்று காட்டும் அருங்காட்சியகம். முன்னறைகளில் பங்கீட்டுப் புத்தகங்கள், சீனிக்கும் வெண்ணெய்க்கும் கிழித்துக் கொடுத்த கூப்பன்கள், இருட்டடிப்புக்குத் தைத்த கறுப்புத் திரைகள். அவற்றை அவள் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டாள். அங்கே அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை.

கடைசி அறை வேறு.

சுவர் முழுவதும், குண்டுவீச்சு விமானம் செய்யும் தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்களின் படங்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். கீழே ஒரு பொத்தான். அழுத்தினால், அவர்கள் செய்த விமானம் தலைக்கு மேலாகப் போகும் சத்தம் நான்கு நிமிடம் கேட்கும்.

மாரிகாலத்தில், அவள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தவர்களை இங்கே பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். யாரோ பொத்தானை அழுத்தினார்கள். றோசலின் நிலத்தில் குப்புற விழுந்து, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தாள். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைக் குனிந்து பார்த்தார்கள். எழும்பியபோது காற்சட்டை நனைந்திருந்தது.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆறாவது சனிக்கிழமையாக வந்திருக்கிறாள். கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று மகளிடம் சொல்லிவிட்டு, வீடு இருக்கும் வோபர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு செக்கனில் வெளியே ஓடினாள். மரியரட்ணம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் யாழ்ப்பாணத்தார்.

அடுத்தமுறை அரை நிமிடம் நின்றாள். போன கிழமை மூன்று நிமிடம். ஆனால் சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அது சேர்த்தி இல்லை என்று அவளே தீர்மானித்தாள்.

அழுத்தினாள்.

முதலில் எங்கோ தூரத்தில் ஒரு முனகல். பிறகு அது தடித்தது.

ஊரில் குண்டு போட வந்த பழைய விமானத்தைச் சகடை என்று சொல்வார்கள். தொண்ணூறாம் ஆண்டு அது வந்த ஒரு மத்தியானம், பங்கர்க் குழிக்கு ஓட நேரம் இருக்கவில்லை. வாழைத் தோட்டத்து வாய்க்காலில், கைக்குழந்தையாயிருந்த மகளை அடியில் வைத்து அவள் மேலே கிடந்தாள். பின்னால் ஓடிவந்த வின்சன்ற், அவளுடைய கணவர், மதிலடி வரைக்கும்தான் வந்தார்.

இப்போதும் கைகள் தாமாகவே காதுக்கு ஏறின. அவள் அவற்றைக் கீழே இழுத்து, கோட்டுப் பைகளுக்குள் திணித்தாள்.

கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த படத்தில் ஒருத்தியை, அவளுடைய சிரித்த முகத்தை, விடாமல் பார்த்தாள். நீ செய்தது எங்கே போய் விழுந்தது என்று உனக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரிந்திராது. அவளுக்கும் வீட்டில் பிள்ளை இருந்திருக்கும்.

சத்தம் நேர் உச்சிக்கு வந்தது. நிலம் அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அது மெல்ல மெல்லத் தூரமாகி, ஓய்ந்தது.

கதவைத் திறந்தாள். நடைபாதையின் மறுகோடியில் மரியரட்ணம் இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் அவசரமாக விரல்களை எடுத்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. நாலு நிமிசமும் நிண்டனான்."

வெளியே வெயில் நன்றாக எறித்தது. வாசற்படியில் இருந்துகொண்டு, மகள் நிரோஷினிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

இரண்டு வருடமாக நிரோஷினி சனிக்கிழமைகளில், பிறம்ரனில் ஓவர்ரைம் என்று சொல்லிக்கொண்டுதான் போகிறாள். ஏழு கிழமைக்கு முன்னர், உடுப்பு மடித்து வைக்கும்போது, அவளுடைய அலுமாரி லாச்சியில் துவாய்களுக்குக் கீழே கடவுச்சீட்டைப் போல ஒரு சிறு புத்தகம் றோசலினின் கையில் தட்டுப்பட்டது. உள்ளே மகளின் படம். சிறு விமானம் ஓட்டுவதற்கான அனுமதி. தாய் கண்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக அடியில் வைத்திருந்தாள்.

றோசலின் அதை இருந்தபடியே வைத்து, துவாய்களை மேலே அடுக்கிவிட்டாள்.

"பிள்ளை, நீ பிளேன் ஓடப் படிச்சது எனக்குத் தெரியும். வாற ஞாயிறு என்னை ஏத்திக்கொண்டு போ."

நிரோஷினி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அது சின்னப் பிளேன். சத்தம் பெரிசு."

"ஓம்," என்றாள் றோசலின். "முன் சீற்றிலை இருக்கிறன்."