பழசு பழசுதான்

“அக்கா, மாஸ்டர் நாலு மணிக்கு வந்துடுவார். அதுக்குள்ள இதுக்கு உயிர் வரணும். இல்லைன்னா எனக்கு வேலை போச்சு.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அக்கா பெட்டியைச் சாய்த்தாள். உள்ளிருந்து எலுமிச்சை ஜூஸ் ஒழுகியது.

கொட்டியவள் அந்தத் தையல் கடையில் அளவு பதிகிற பெண். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாயில் அந்தத் தெருவுக்கே முதல். இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் யாராவது டம்ளரோடு வந்தால் அவர்கள் வம்சத்தையே இழுத்துவைத்துத் திட்டுவாள். மாஸ்டர் அவளுக்கு ஒரு படி மேல். பதினைந்து வருட வாடிக்கையாளர்களின் இடுப்பும் தோளும் அந்தப் பழைய சாப்ட்வேருக்குள்தான் இருந்தன. புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது, இதை மாற்ற நினைப்பவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார்.

அக்கா மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

“சிரிக்காதீங்கக்கா. கிழடுதான். பொழைக்குமா, அதைச் சொல்லுங்க.”

ஹார்ட் டிஸ்க் தப்பித்தது, மற்றதெல்லாம் பரலோகம் என்றாள் அக்கா. அதே பெட்டிக்குள் புதுச் சாமான்களை வைத்து முடுக்கினாள். பழைய சாப்ட்வேர் அடம்பிடிக்காதா என்று பெண் நகத்தைக் கடித்தாள். புது வீட்டுக்குள்ளேயே அதன் பழைய வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால், இடம் மாறியதே தெரியாமல் அதுபாட்டுக்குக் குடித்தனம் நடத்தும் என்றாள் அக்கா.

அரை மணியில் அதே மங்கிய நீலத் திரை, அதே கோணல் எழுத்து. பெண் அக்காவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவளைப் பின்வாசலில் ஒளித்துவைத்தாள்.

மாஸ்டர் வந்தார். ஒரு பெயரைத் தட்டினார். இடுப்பு நாற்பத்திரண்டு என்று துள்ளிக்கொண்டு வந்தது.

“பாத்தியாம்மா?” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “பழசு பழசுதான். புதுசு இப்படி ஓடுமா?”

“எங்க ஓடும், மாஸ்டர்.” சிரிப்பை விழுங்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

“துளி சந்தேகம் வரலைக்கா. எப்படிக்கா இவ்வளவு வேகமா முடிச்சீங்க?”

அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

“போன மாசம் உங்க மாஸ்டர் இதுல காபியைக் கொட்டிட்டு, ‘அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவா’ன்னு அழுதார். அன்னிக்கே உள்ள எல்லாத்தையும் புதுசா மாத்தி, அந்தப் பழைய வீட்டையும் கட்டி வெச்சாச்சு. நீ இன்னிக்குக் கொன்னது ஒரு மாசக் குழந்தையை.”