மாப்பிள்ளை வீட்டுக் குழாய்

"அந்தக் குடத்தையெல்லாம் மாட்டுக் கொட்டாய்ல ஒளிச்சு வை சந்திரா, கார் விராலிமலை தாண்டிடுச்சாம்!"

மொட்டை மாடியில் நின்று கத்தினார் பிச்சமுத்து. கையில் ரப்பர் குழாய். வாசலில் நின்ற தண்ணீர் லாரி உறுமிக்கொண்டே அவர் வீட்டு டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தது.

"நம்ம குடத்தை ஒளிச்சிட்டேன். தெருக்குழாய்கிட்ட வரிசையா நிக்குதே, ஊர்க் குடம்?" என்றாள் மனைவி சந்திரம்மாள்.

"எடுக்கச் சொல்லு. லாரியில மிச்சம் இருக்கறது அவங்களுக்குத்தான்னு சொல்லு. குடம் தானா நடந்து போயிடும்."

"அப்பா, பொய் சொல்லிக் கட்டிக்கணுமா?" என்று முனகினான் மகன் பாலு.

"கல்யாணம் முடிஞ்சதும் உண்மையைச் சொல்லிக்கலாம்டா. ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான்."

மருங்காபுரிப் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், பையன் என்ன சம்பாதிக்கிறான் என்று கேட்பதில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறப்பார்கள். அது 'புஸ்' என்று காற்று விடும். பஜ்ஜியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிடுவார்கள். பாலுவுக்கு வந்த சம்பந்தமெல்லாம் அந்தக் குழாயடியிலேயே முறிந்தது.

பையனுக்கு ஒரு குறையும் இல்லை. மணப்பாறையில் மோட்டார் ரிப்பேர்க் கடை. போர்வெல் வற்றி மோட்டார்கள் எரிந்துகொண்டே இருப்பதால் வியாபாரம் அமோகம்.

இந்த முறை ஸ்ரீரங்கத்துச் சம்பந்தம். பெண் பெயர் யமுனா. அப்பா ஜெய்சங்கர், கவர்மென்ட்டில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று தரகர் சொல்லியிருந்தார். காவிரிக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு இந்தக் கரட்டுக்காட்டில் எதற்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்று பிச்சமுத்து கேட்கவில்லை. கேட்டால், தண்ணீரைப் பற்றி அவர் திருப்பிக் கேட்டுவிடுவாரே!

லாரி பின்பக்கத் தெருவில் மறைந்தது. கார் முன்பக்கம் வந்து நின்றது.

இறங்கிய ஜெய்சங்கர் காபியைக்கூடத் தொடவில்லை. "கொல்லைப் பக்கம் எது?" என்றார்.

குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது. திறந்தவர் மூடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பிச்சமுத்துவின் உயிர் டேங்கோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர் அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையிலகூட இப்ப இப்படி ஓடலைங்க!" என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக் காலை நனைத்துக்கொண்டாள் ஜெய்சங்கரின் மனைவி பானு.

"ஏதுங்க இவ்வளவு தண்ணி?" என்றார் ஜெய்சங்கர்.

"புது நீர்த்தேக்கம்ங்க! சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அங்கேர்ந்துதான் குடிதண்ணி" என்றார் பிச்சமுத்து.

அந்த நீர்த்தேக்கத்தில் இதுவரை வந்து சேர்ந்தது ஓர் அடிக்கல் மட்டும். அதிலும் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

"எப்போலேர்ந்து வருது?"

"தைப் பொங்கலுக்கே வந்துடுச்சுங்க. அந்தத் தண்ணியிலதான் பொங்கலே வச்சோம்."

"தேக்கம் நிறைஞ்சிருக்கா?"

"தளும்புதுங்க! ராத்திரி அலைச் சத்தத்துல தூக்கமே வர்றதில்லை."

சந்திரம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். மனுஷன் நிறுத்துகிற நிலையில் இல்லை.

"அப்படியா! வாங்களேன், ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்."

பிச்சமுத்து குறுக்கே வந்து நின்றார். "வேணாங்க... அங்க... முதலை இருக்குது!"

"முதலையா?"

"பெரிய முதலைங்க. எங்கேர்ந்தோ வந்து சேர்ந்துடுச்சு. ஊர்க்காரங்க யாரும் கிட்டப் போறதில்லை."

பாலு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெய்சங்கர் பிச்சமுத்துவின் முகத்தையே பார்த்தார். "இதெல்லாம் யார் வந்து கேட்டாலும் இதே மாதிரி சொல்லுவீங்களா?"

"கருப்பு கோயில்ல சூடம் ஏத்தி அணைச்சே சொல்லுவேங்க!"

அந்த நேரம் பார்த்துக் குழாய் ஒரு விக்கல் விக்கியது. 'புஸ்.' நின்றது.

எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே, லாரிக்காரன் கேக்கறான், இன்னொரு நடை அடிக்கணுமான்னு!"

பிச்சமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இந்தச் சம்பந்தமும் குழாயடியிலேயே போயிற்று.

ஜெய்சங்கர் அவர் தோளில் கை போட்டு, வைக்கோல்போர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நான் எந்த ஆபீஸ்ல இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"தரகர் பெரிய உத்தியோகம்னு மட்டும்..."

"அந்த நீர்த்தேக்கத்தோட இன்ஜினியரே நான்தாங்க."

பிச்சமுத்துவின் கை தானாகக் குவிந்தது. "ஐயா, மன்னிச்சிடுங்க! பையன் கல்யாணம் நடந்தாப் போதும்னு புத்தி கெட்டுப்போய் வாய்க்கு வந்ததை..."

"அட, கையை இறக்குங்க சம்பந்தி! அதைக் கட்டி முடிச்சுத் தண்ணி விட்டாச்சுன்னு போன வருஷமே மேலிடத்துல சொல்லிட்டேன். அடுத்த வாரம் விசாரிக்க வர்றாங்க. ஆமான்னு சொல்ல இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு சொந்தம் இல்லையேன்னுதான் மாப்பிள்ளை தேடிக்கிட்டு இங்க வந்தேன்" என்ற ஜெய்சங்கர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குச் சொன்னதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. முதலையை மட்டும் விட்டுடாதீங்க, அப்பதான் ஒருத்தனும் கிட்டப் போய்ப் பார்க்கமாட்டான்!"