ஏழு கண்ணாடிப் பாத்திரங்கள்

ஆர்வில் டான்கனின் இடது கெண்டைக்கால் மூன்று நாளாகத் துடிக்கவில்லை. அதுதான் இப்போது அவருடைய பெரிய வேதனை.

காரின் பின்சீட்டில் ஏழு கண்ணாடிப் பாத்திரங்கள் இருந்தன, கழுவித் துடைத்து, துண்டு சுற்றி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர். சர்ச் வாசலில் காரை நிறுத்திய அந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், இறங்கக் கூசி உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் முதலில் துடித்தது கெண்டைக்கால். அப்புறம் கண்ணிமை, கட்டைவிரல். நாலு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டாக்டர் வாய் திறக்கும் முன்பே தன் நோய்க்குப் பெயர் வைத்து ஆயுளுக்குத் தேதியும் குறித்துவிட்டார்.

"பயப்படற மாதிரி தெரியலை. எதுக்கும் ஒரு நரம்பு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். மனம் நோகாமல் சொல்கிறார் என்று ஆர்வில் புரிந்துகொண்டார்.

மனைவி சிக்ரிட்டிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். தன் சவ அடக்கத்தில் பாட வேண்டிய நாலு பாட்டுகளையும் எழுதிக் கொடுத்தார், எந்தச் சரணத்தை விட்டுவிடலாம் என்ற குறிப்போடு. "வெளியில மூச்சு விடாதே. யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படறது எனக்குப் பிடிக்காது."

மறு வாரமே ஹாட்டிஷ் வர ஆரம்பித்தது. கொத்துக்கறியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி, ஓவனில் சுட்டது. மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் உடம்புக்கு என்னவென்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பாத்திரத்தைக் கையில் கொடுத்து, பனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சிக்ரிட் உளறியிருக்கிறாள். ஆனால் ஆர்வில் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறக்கும்போது ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைக் குளியலறைக் கண்ணாடியில் பழகி வைத்திருந்தார்.

ஒருநாள் பாத்திரம் கழுவ சிக்ரிட் சட்டைக் கையைச் சுருட்டியபோது, முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி தெரிந்தது. "போர்வை தைக்கிற ஊசி குத்திடுச்சு" என்றாள். ஆர்வில் அப்போது தன் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எத்தனை கப் காபி குடிப்பீங்க?"

"பதினொண்ணு."

நர்ஸ் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். "டெஸ்ட் வரைக்கும் நிறுத்தித்தான் பாருங்களேன்."

நிறுத்தினார். துடிப்பும் நின்றது. டெஸ்ட் திங்கட்கிழமை, இன்னும் நாலு நாள். அதில் என்ன வரும் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. சாகாத மனுஷன் ஏழு ஹாட்டிஷைத் தின்று தீர்த்திருக்கிறான்.

கடைசியாக ஒரு தடவை காலை அழுத்திப் பார்த்தார். துரோகி, அசையவே இல்லை.

சர்ச்சின் கீழ்த்தள சமையலறையில் வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய பள்ளியில் இருபது வருஷம் சமைத்தவள். பக்கத்தில் டோரீன் கப் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஹெட்மாஸ்டரே! காபி ஊத்தவா?"

"வேண்டாம்."

அந்தச் சமையலறையில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. டோரீன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

பாத்திரங்களை மேஜையில் இறக்கி நிமிர்ந்தபோதுதான் சுவரில் அந்த அட்டவணையைப் பார்த்தார். நாளையிலிருந்து மூன்று மாதத்துக்கு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெயர். முதல் பெயர் வெர்னா. இன்னும் மூன்று மாதத்துக்கா ஹாட்டிஷ்! காது மடல் சுட்டது.

தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் பிரேயரில் பிள்ளைகளை நடுங்க வைத்த செருமல், பாதியில் உடைந்தது. "நான் ஒண்ணு சொல்லணும். இதையெல்லாம் நான் வாங்கியிருக்கவே கூடாது."

"ஏன், உப்பு ஜாஸ்தியா?" என்றாள் வெர்னா.

"எனக்கு ஒண்ணும் இல்லை, வெர்னா. நரம்பு நோயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் காபி பண்ண வேலை. ஊரையே ஏமாத்திட்டேன். டோரீன் கொடுத்ததுல ரெண்டாவது தடவை வேற போட்டுக்கிட்டேன்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப கைகால் நல்லாத்தான் இருக்கு?" என்றாள் வெர்னா.

"இருக்கு." தலை நிமிரவில்லை.

"கார் ஓட்டுவீங்க?"

"இப்பக்கூட ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

"வெர்னா, வேண்டாம்" என்றாள் டோரீன் மெதுவாக. "அவரோட டெஸ்ட் முடியற வரைக்கும் சொல்லமாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்."

"அதான் டெஸ்ட் முடிஞ்ச மாதிரிதானே."

வெர்னா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவர் அட்டவணையில் முதல் வரியிலிருந்த தன் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு சிக்ரிட்டை முதல் கீமோவுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க."